தோள்பட்டை வலி என்று சொல்லச் சொன்னேன்

தொம்மலூரில் நான் உட்கார்ந்திருந்த அந்தச் சின்ன அறையில் இனி நீங்கள் இரண்டு பேர் உட்காரப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஜன்னல் இன்னும் சரியாகச் சாத்துவதில்லை என்றும் சொன்னார்கள். நான் இருந்த இருபத்தாறு வருஷமும் அது சாத்தியதில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று டாக்டரம்மா போனில் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். பேசிப் பேசி ஓய்ந்துபோன வாய் இது. கருத்தடை கவுன்சிலர் வேலை என்றால் ஒரே விஷயத்தை ஒரு நாளைக்கு இருபது பேரிடம் சொல்வது. இருபதாவதாக வருகிறவளுக்கு அது முதல் தடவை. அவளிடம் சலிப்பைக் காட்டக் கூடாது. நான் காட்டியிருக்கிறேன். ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் தூக்கத்தில் 'மாத்தற நாளை மறந்துடாதீங்க' என்று யாரிடமோ சொல்கிறேனாம். என் மகள் சொல்கிறாள்.

கருத்தடைப் பேட்சைத் தோலில் எங்கே ஒட்டுவது, மார்பில் ஏன் ஒட்டக் கூடாது, பவுடரோ எண்ணெயோ பட்ட தோலில் ஏன் நிற்காது, ஒட்டியபின் உள்ளங்கையால் எவ்வளவு நேரம் அழுத்துவது, இதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். தாளிலும் இருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன். நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். வேலையை விடுவதற்குச் சரியாக ஒரு வருஷம் இருக்கும்போது செய்தது. இத்தனை வருஷ அனுபவம் இருந்தும் செய்தேனா, அனுபவம் இருந்ததால்தான் செய்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பெண்ணைக் கவிதா என்று வைத்துக்கொள்வோம். முப்பது வயது, சேலத்துக்காரி. கணவன், மனைவி இரண்டு பேருக்கும் ஐ.டி. கம்பெனியில் வேலை, தொம்மலூரிலேயே வாடகை வீடு. கம்பெனி அவளை இரண்டு வருஷம் வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தது. கணவனும் கூடப் போயிருந்தான். அங்கே இருந்தபோது கர்ப்பமாகி, ஐந்தாவது மாதத்தில் குழந்தை போய்விட்டது. பெண் குழந்தை. ஊரில் யாருக்கும் தெரியாது. கர்ப்பமானதையே கொஞ்ச மாதம் கழித்துச் சொல்லலாம் என்று வைத்திருந்தார்கள். சொல்லலாம் என்று நினைத்த வாரத்தில் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று.

அதன் பிறகு கொஞ்ச காலம் வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். மாத்திரை கொடுத்தால் மறந்துவிடுகிறாள் என்று அங்கிருந்த டாக்டர் பேட்ச் எழுதிக் கொடுத்திருக்கிறார். நம் ஊரில் கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற பொருள் இல்லை அது. திரும்பி வரும்போது எட்டு மாதத்துக்கு வாங்கி வந்துவிட்டாள். தொடர்ந்து போடலாமா என்று கேட்கத்தான் எங்கள் கிளினிக்குக்கு வந்தாள். டாக்டரம்மா பி.பி. பார்த்து, தலைவலி, ரத்தக்கட்டு, சிகரெட் எல்லாம் விசாரித்து, போடலாம் என்று சொல்லி என்னிடம் அனுப்பினார்.

பேட்ச் விஷயத்தில் அவளுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. என்னைவிட ஒழுங்காகச் சொன்னாள். அவள் கேட்க வந்தது வேறு.

"மேடம், அடுத்த வாரம் எங்க அத்தை ஆரணிலேர்ந்து வராங்க. மாமா போனதுக்கப்புறம் தனியா இருக்காங்கன்னு இவர்தான் கூப்பிட்டார். இனிமே எங்களோடதான் இருப்பாங்க. கையில இதைப் பாத்துட்டு என்னதுன்னு கேட்டா?"

அவளுக்கு அத்தை என்றால் மாமியார்.

"உள்ளதைச் சொன்னா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"பேத்தி எப்போ, பேரன் எப்போன்னு தினமும் போன்ல கேக்கறாங்க மேடம். நாங்கதான் தள்ளிப் போட்டிருக்கோம்னு தெரிஞ்சா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு கேட்டா..."

கைப்பையில் கர்ச்சீப் தேடினாள்.

அங்கேதான் நான் நின்றிருக்க வேண்டும். அவள் சொல்லாமல் விட்ட பாதி வாக்கியத்தில்தான் எல்லாம் இருந்தது. நான் சுவரில் மணியைப் பார்த்தேன். ஒன்றரை. வெளியே ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். காலையிலிருந்து முழங்கால் விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. ஜீவனஹள்ளியில் என் வீட்டுக்கு நான் பிடிக்கிற பஸ்ஸில் சனிக்கிழமை உட்கார இடம் கிடைக்காது என்பதும் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

"தோள்பட்டை வலிக்குப் போட்ட பிளாஸ்திரின்னு சொல்லிடும்மா" என்றேன். "நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்க. தோள்பட்டை வலின்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. டப்பாவை ஒளிச்சு வெக்காத, ஒளிச்சாத்தான் சந்தேகம் வரும். தைலம், பஞ்சு இதோட சேர்த்து வெச்சிடு."

அவள் முகம் தெளிந்துவிட்டது. "சூப்பர் ஐடியா மேடம். எனக்கு இது தோணவே இல்ல" என்று இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தாள். எனக்கும் பெருமையாக இருந்தது. அந்த யோசனையை நான் அவளுக்கு முன்பும் சில பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஒருவர்கூடத் திரும்பி வந்து குறை சொன்னதில்லை. குறை சொல்ல வராதவர்களை எல்லாம் நன்றாக இருக்கிறவர்கள் கணக்கில் சேர்த்துவிடுவது நம் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம்.

நான்கு மாதம் கழித்து அவள் போன் செய்தாள்.

"மேடம், டப்பால பேட்ச் குறையுது. எனக்குத் தெரிஞ்சு இன்னும் பதினொண்ணு இருக்கணும். ஏழுதான் இருக்கு. நான் எக்ஸ்ட்ராவா எதாவது போட்டிருப்பேனா?"

"நாள் தவறாம மாத்தறியா?"

"மாத்தறேன் மேடம். போன்ல ரிமைண்டர் இருக்கு."

"அப்போ எண்ணினதுலதான் தப்பிருக்கும். இல்ல, வாங்கும்போதே குறைச்சலா வந்திருக்கும்."

அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூடப் பேசவில்லை. உடம்பில் ஹார்மோன் ஏற்றுகிற ஒரு மருந்து, வீட்டுக்குள்ளே நான்கு எண்ணம் காணாமல் போயிருக்கிறது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை, எனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. ஆரணியிலிருந்து மாமியார் வந்திருப்பதும், டப்பா தைலத்தோடு இருப்பதும்.

அதற்கு மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கவிதா மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். போனிலேயே விஷயம் சொல்லியிருந்தாள். தூரம் நின்று பத்து வருஷம் ஆன அம்மாவுக்குத் திடீரென்று ரத்தம் படுகிறது. ஒரு வாரம் யாரிடமும் சொல்லாமல் பழைய துணியைக் கிழித்து வைத்துச் சமாளித்திருக்கிறார். துணி துவைக்கும்போது கவிதா பார்த்துவிட்டாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்திருக்கிறது, பயாப்ஸி செய்து பார்த்துவிட வேண்டும், புற்றுநோயாக இல்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமைக்கு நேரம் குறித்தாயிற்று. அம்மா வர மாட்டேன் என்கிறார். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் மேடம் என்றாள்.

ஒல்லியான உடம்பு, நெற்றியில் விபூதி, மடியில் ஒரு துணிப்பை. நாற்காலியின் முன்பக்கத்தில் ஒட்டினாற்போல் உட்கார்ந்தார். நான் ஏதோ சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவரே பேசிவிட்டார்.

"எங்க அக்காவுக்கும் இப்படித்தாம்மா ஆரம்பிச்சுது. டெஸ்டுன்னாங்க, கீறிப் பாத்தாங்க. ஆறு மாசந்தான், போய்ச் சேந்துட்டா. என்னிய இன்னாத்துக்குக் கீறணும்? ஆரணில என் ஊட்டுல போய்ப் படுத்துக்கறேன். இதுங்க ரெண்டும் லீவு போட்டுகினு என் பின்னால அலைய வேணாம்."

பயாப்ஸி என்றால் கீறுவது இல்லை, உள்ளிருந்து ஒரு துளி எடுத்துப் பார்ப்பது என்று சொன்னேன். அக்காவுக்கு இருந்தால் தங்கைக்கும் இருக்கும் என்று இல்லை என்றும் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஒரு சொல்லும் உள்ளே போகவில்லை. பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். காதில் கிடந்த தோட்டை, இனி எனக்கு எதற்கு என்று முந்தின நாள்தான் கழற்றி மருமகளிடம் கொடுத்திருக்கிறார், அதைக் கவிதா பிறகு சொன்னாள்.

பேச்சு நகராதபோது நான் படிவத்தை எடுத்துவிடுவேன். கையில் பேனா இருந்தால் எல்லாரும் பதில் சொல்வார்கள். அன்றைக்கும் அப்படித்தான் எடுத்தேன், வேறு எந்தச் சாமர்த்தியமும் இல்லை.

"என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்கம்மா?"

"பி.பி.க்கு ஒண்ணு. சக்கரைக்கு ரெண்டு வேள."

"வேற ஏதாவது? லேகியம், கஷாயம், தைலம்?"

"தைலம்லாம் உட்டுட்டேன். இப்போ பிளாஸ்திரிதான்."

என் பேனா நின்றுவிட்டது.

அவர் மருமகள் பக்கம் திரும்பி, தப்பு செய்த குழந்தை மாதிரிச் சிரித்தார். "கோச்சிக்காத கண்ணு. ஒன் பிளாஸ்திரிய நான் எடுத்துப் போட்டுகினேன். இடுப்பு நோவு தாங்கல. ஒன்கிட்ட சொன்னா ஆஸ்பத்திரின்னு இழுத்துகினு போவ. அதான் கேக்கல. ஆனா நல்லா கேக்குதும்மா. தைலத்துக்கு மேல கேக்குது."

எழுந்து நின்று, திரும்பி, புடவையைப் பின்பக்கம் கொஞ்சம் இறக்கிக் காட்டினார். இடுப்புக்குக் கீழே, தோல் நிறத்தில், ஒரு சதுரம். நாலு ஓரமும் அழுந்த, துளி சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருந்தது. அவ்வளவு நேர்த்தியாக ஒட்டியதை நான் என் பயிற்சி வகுப்புகளில்கூடப் பார்த்ததில்லை.

கவிதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

இந்த மாதிரி நேரத்தில் மனசு பத்துப் பக்கம் ஓடும். கை செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுங்கள், மனசு மெதுவாக வந்து சேரட்டும். "இந்தப் பிளாஸ்திரி உங்களுக்கு ஆகாதும்மா, எடுத்துடறேன்" என்று சொல்லி உரித்தேன். ஒட்டுகிற பக்கம் உள்ளே போக மடித்து ஓரமாக வைத்தேன். இரண்டு கெண்டைக்காலையும் அழுத்திப் பார்த்தேன். வீக்கம் இருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு வலித்ததா என்று கேட்டேன். ஒன்றும் இல்லை. பி.பி.யும் சர்க்கரையும் உள்ள, அறுபதைத் தொடப்போகிற உடம்பில் அந்த மருந்து காலில் ரத்தத்தைக் கட்டச் செய்திருக்கலாம். செய்யவில்லை. அப்படி ஆகாமல் தப்பியதற்கு நான் எந்த விதத்திலும் காரணம் இல்லை.

எத்தனை போட்டார் என்று கேட்டேன். இது ஆறாவது. ஒன்று பிசுக்கு விட்டு உரிகிறவரை வைத்திருந்து, அப்புறம் அடுத்ததாம். நடுவில், மருமகளுக்கு இல்லாமல் போய்விடுமே என்று ஒரு பத்து நாள் போடாமல் விட்டிருக்கிறார். ரத்தம் பட ஆரம்பித்தது அப்போதுதான்.

ரெண்டு நிமிஷம் உட்காருங்கம்மா என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கவிதா எனக்கு முன்னாலேயே எழுந்து போய், வராந்தாவில் குடிதண்ணீர் ஃபில்டர் பக்கத்தில் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாள். ரிசப்ஷன் பெண், "அக்கா, நெக்ஸ்ட் பேஷண்ட் களிஸ்லா?" என்று அடுத்தவரை அனுப்பலாமா எனக் கன்னடத்தில் கேட்டாள். கையைக் காட்டி நிறுத்தினேன்.

"கேன்சர் இல்லதானே மேடம்? இதனாலதானே?"

"இதனால இருக்கலாம். அதைச் சொல்ல நான் டாக்டர் இல்லம்மா. ஆனா ஆஸ்பத்திரி டாக்டருக்கு இது இன்னைக்கே தெரியணும்."

"டாக்டர்கிட்ட மட்டும் சொல்லிடலாம் மேடம். அத்தைகிட்ட, அந்தப் பிளாஸ்திரி அலர்ஜி ஆயிடுச்சு, அதான் ரத்தம் பட்டுச்சுன்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

நான் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீங்கதானே மேடம் பிளாஸ்திரின்னு சொல்லச் சொன்னீங்க? தைலத்தோட வெக்கச் சொன்னதும் நீங்கதானே? இப்போ மட்டும் உண்மை பேசணுமா?"

அவள் கேட்டதில் ஒரு எழுத்துகூடத் தப்பு இல்லை. இன்னொன்றையும் உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். அவள் சொன்ன யோசனை நடந்திருக்கும். அலர்ஜி என்று சொன்னால் அந்த அம்மா நம்பியிருப்பார். டாக்டரிடம் தனியாகச் சொல்லிக்கொண்டிருக்கலாம். என் தப்பும் மூடிப் போயிருக்கும். இரண்டாவது பொய் முதல் பொய்யைவிடச் சுலபமாக வருகிறது, அதை அன்றைக்கு என் வாயிலேயே உணர்ந்தேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

நிறுத்தியது நேர்மை இல்லை, பயம்தான். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட்டில் எழுதுவார்கள். யாரோ ஒரு சின்ன டாக்டர் அதைப் படித்துவிட்டு, அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே, "கருத்தடைப் பேட்ச் எதுக்குப் போட்டீங்க?" என்று சிரித்தபடி கேட்பார். துணி மாற்றிக்கொண்டு படுக்கையில் கிடக்கும்போது அவர் அதைக் கேட்க நேர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன்.

ஆனால் குழந்தை போன விஷயம் கவிதாவுடையது. அவள் அனுமதி இல்லாமல் அதைத் திறக்க எனக்கு உரிமை இல்லை. அவள் பேட்ச் போடுகிறாள் என்பதும் அவளுடையதுதான். அந்த அம்மாவின் உடம்பு அந்த அம்மாவுடையது. அதற்குள் என்ன போயிற்று என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். இரண்டு பேரும் நம் அறைக்கு வந்தவர்கள். ஒருத்தியைக் காட்டிக் கொடுக்காமல் இன்னொருத்தரை எப்படி ஏமாற்றாமல் இருப்பது? இதற்கு எந்தப் பயிற்சித் தாளிலும் பதில் இல்லை. என்னுடையது என்று இதில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. அந்தப் பொய்.

"கவிதா, உன் விஷயம் எதையும் நான் சொல்ல மாட்டேன்" என்றேன். "நான் சொன்ன பொய்யை மட்டும் நான் சொல்லிடறேன். அது வலி பிளாஸ்திரி இல்ல, ஹார்மோன் மருந்துன்னு அவங்களுக்குச் சொல்லித்தான் ஆகணும். அதுக்கு மேல சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம். நீ உள்ள வரலன்னாலும் பரவாயில்ல."

நான் உள்ளே போனேன்.

அந்த அம்மா, நான் மடித்து வைத்திருந்த பேட்சைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிரே என் நாற்காலியில் உட்காராமல், பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"அம்மா, இது வலிக்குப் போடற பிளாஸ்திரி இல்ல. பொம்பளைங்களுக்கான ஹார்மோன் மருந்து. தோல் வழியா ரத்தத்துல கலக்கும். உங்களுக்கு ரத்தம் பட்டது இதனாலயும் இருக்கலாம். வலி பிளாஸ்திரின்னு வீட்டுல சொல்லுன்னு உங்க மருமகளுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். அவ மேல தப்பு இல்ல. என்னை மன்னிச்சிடுங்க."

இருபத்தாறு வருஷத்தில் அந்த அறையில் நான் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்டிருக்க வேண்டிய சந்தர்ப்பங்கள் அதற்கு முன்பும் இருந்தன.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தார். கவிதா உள்ளே வந்து நின்றிருந்தாள்.

"கொழந்த வேணாம்னு போடறதா?" என்று அவளிடம் கேட்டார்.

கவிதா தலையை ஆட்டினாள். அப்புறம், நான் எதிர்பார்க்கவே இல்லை, நின்ற இடத்திலேயே சொல்லத் தொடங்கிவிட்டாள். வெளிநாட்டில் இருந்தது, கர்ப்பமானது, சொல்லலாம் என்று வைத்திருந்தது. கோர்வையாக வரவில்லை. "அத்தை, வேணாம்னு இல்ல... எனக்குப் பயம். இன்னொரு தடவை அது மாதிரி ஆச்சுன்னா என்னால முடியாது" என்றாள்.

"எத்தினி மாசம்?"

"அஞ்சு."

"இன்னா கொழந்த?"

"பொண்ணு."

அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. கடைசியில் மெதுவாகச் சொன்னார்:

"வந்த நாள்லேந்து மாசாமாசம் சஷ்டிக்குப் பட்டினி கெடந்தேன். சக்கர ஒடம்பு. மயக்கமா வரும், சொவுத்தப் புடிச்சிகினு நிப்பேன். நீங்க ரெண்டு பேரும் எதிர்லதான் ஒக்காந்து சாப்ட்டுகினு இருப்பீங்க. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் சாப்ட்டிருப்பேன் இல்ல?"

கவிதா அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். அவர் அவளைத் தொடவில்லை. விலக்கவும் இல்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "வியாழக்கெழம எத்தினி மணிக்கு வரணும்?" என்று என்னிடம் கேட்டார்.

அவர்கள் போனதும் டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தோள்பட்டை யோசனையிலிருந்து தொடங்கி, போனில் கேட்டதை நான் தள்ளிவிட்டது வரை. அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு இலேசாகப் போயிருக்கும். எப்போது எடுத்தீர்கள், எத்தனை வாரம் போட்டிருந்தார், காலைப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டார். ஆஸ்பத்திரி டாக்டரை அப்போதே போனில் பிடித்துச் சொன்னார். வைத்துவிட்டு, "டெஸ்டைக் கேன்சல் பண்ணலை" என்றார்.

"காரணம்தான் தெரிஞ்சிடுச்சே டாக்டர்?" என்றேன்.

"ஒரு காரணம் கிடைச்சிடுச்சுன்னா இன்னொண்ணைத் தேடக் கூடாதுன்னு யார் சொன்னது? அவங்க வயசுல ரத்தம் பட்டா பார்த்துத்தான் ஆகணும்."

அந்த அம்மா கிளம்பும்போது, பயப்படாதீங்க, கேன்சரா இருக்காது என்று சொல்லி அனுப்ப வாயெடுத்தேன். அவர் நின்று கேட்கும் நிலையில் இல்லாததால்தான் சொல்லாமல் போயிற்று. சொல்லியிருந்தால் வியாழக்கிழமை அவர் போயிருக்கவே மாட்டார். அலர்ஜிப் பொய், கேன்சர் இல்லை என்ற ஆறுதல், காரணம் தெரிந்துவிட்டது என்ற நினைப்பு என்று ஒரே மத்தியானத்தில் எனக்கு மூன்று தடவை அவசரம் வந்திருக்கிறது, பாருங்கள்.

பத்து நாள் கழித்து அந்த அம்மா தனியாக வந்தார். வீட்டிலிருந்து வழி கேட்டுக்கொண்டே நடந்து வந்ததாகச் சொன்னார். ரிசல்ட் வந்துவிட்டது, ஒன்றும் இல்லை. ரத்தமும் நின்றுவிட்டது. காதில் தோடு இல்லை. நாளைக்கு ஆரணிக்குக் கிளம்புவதாகச் சொன்னார். தன்னிடம் மறைத்த மகனோடு பேச்சு நின்றுவிட்டது என்பதை அவர் சொல்லாமலே புரிந்துகொண்டேன். என்னை மன்னித்தாரா என்று தெரியவில்லை. அதைப் பற்றி அவர் வாய் திறக்கவே இல்லை.

"அது எப்படிப் போடறதுன்னு சொல்லு" என்றார்.

"எதும்மா?"

"அதான், அந்தப் பிளாஸ்திரி."

மருமகள் விஷயம் எதையும் பேசக் கூடாது என்று எனக்குள் ஒரு மணி அடித்தது. ஆனால் ஒரு மருந்தை எப்படிப் போடுவது என்பது யார் கேட்டாலும் சொல்லக்கூடியது. சொன்னேன். ஒரு வாரத்துக்கு ஒன்று. எந்தக் கிழமை ஒட்டினோமோ அதே கிழமையில் மாற்ற வேண்டும். அப்படி மூன்று வாரம். நாலாவது வாரம் ஒன்றும் ஒட்டாமல் விட வேண்டும். மறுபடி அதே கிழமையில் புதிதாக ஆரம்பிக்க வேண்டும். அவர் விரல் கணுக்களில் எண்ணிக்கொண்டே கேட்டார்.

"எண்ண தேச்சிக் குளிச்ச அன்னிக்கு?"

"பிசுக்கு சுத்தமா போகணும், நல்லா தொடைச்சுக் காய்ஞ்சப்புறம்தான் ஒட்டணும். இல்லன்னா நிக்காது."

"மாத்தற நாளு தள்ளிப் போச்சுன்னா?"

"உடனே எங்களுக்குப் போன் பண்ணிக் கேக்கணும். அவங்களா ஒரு முடிவு எடுக்கக் கூடாது."

"அவ மறப்பா" என்றார். "போன்ல மணி அடிக்கும், அமுக்கி வெச்சிட்டு வேலையப் பாப்பா." எழுந்து, முந்தானையைச் சரி செய்துகொண்டு, வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார்.

உங்களுக்கு என்ன சொல்வது? வீட்டில் என்ன சொல்ல வேண்டும் என்று யாருக்கும் வசனம் எழுதிக் கொடுக்காதீர்கள். சொல்ல முடியாத விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் வேண்டாம். பல வீடுகளில் மறைத்துத்தான் ஆக வேண்டும், அது எனக்குத் தெரியும். அப்படியானால் எங்கே வைப்பாய், யார் கைக்கு எட்டும், வீட்டில் யாருக்கு என்ன வலி என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வருகிறவரைக்கும் மணியைப் பார்க்காதீர்கள். நான் சொல்வது பெரிய ஞானம் ஒன்றும் இல்லை. ஒன்றரை மணிக்கு, வெளியே ஏழு பேர் காத்திருக்கும்போது, முழங்கால் வலியோடு இதைச் செய்வதுதான் கஷ்டம். எனக்கு எப்போதும் கைகூடியது என்று சொல்ல மாட்டேன்.

கவிதா அதற்குப் பிறகு ஒரு தடவை வந்தாள். வீட்டில் நிலைமை எப்படி என்று கேட்டேன். அத்தை ஆரணியில்தான் இருக்கிறார், மகன் போன் செய்தால் எடுப்பதில்லை என்றாள்.

"ஆனா எனக்கு வெள்ளிக்கிழமை காலைல ஏழு மணிக்கு போன் வருது மேடம். 'மாத்திட்டியா'ம்பாங்க. ஆமான்னா வெச்சிடுவாங்க. நல்லா இருக்கியான்னுகூடக் கேக்க மாட்டாங்க. மூணு வெள்ளிக்கிழமை அப்படித்தான். நாலாவது வெள்ளிக்கிழமை போனே வரலை. சரி, கோபம் இன்னும் போகலைபோல, இனிமே பண்ண மாட்டாங்கன்னு நெனச்சேன். ஆபீஸ் போயும் மனசே சரியில்ல. சாயந்தரம் வந்து காலண்டரைப் பார்த்தாத்தான் புரிஞ்சுது. அது ஒட்டக் கூடாத வாரம்."

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் போன் வந்ததாம்.